சுவர் கட்டப் போன பிள்ளைகள்



தான்சானியாவில் ஒரு குழந்தைகள் இல்லம். அங்கே நூலகம் கட்டித் தருவதற்காக அமெரிக்காவின் தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றிலிருந்து மாணவிகள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு 3,000 டாலர் செலவு. முதல் வாரம் தொண்டு, அடுத்த வாரம் காட்டு விலங்குகளைப் பார்க்கும் சஃபாரி. பகலெல்லாம் பிள்ளைகள் செங்கல் அடுக்கினார்கள். கொத்து வேலைக்குப் பழகாத கைகள். சுவர் உறுதியாக நிற்கவில்லை. இரவானதும் உள்ளூர் ஆண்கள் வந்து, அந்தச் செங்கற்களைப் பிரித்தெடுத்து, சரியாக அடுக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். காலையில் எழுந்து வரும் பிள்ளைகளுக்குத் தங்கள் வேலை வீணாய்ப் போனது தெரிந்து மனசு நோகக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள்.

அந்த மாணவிகளில் ஒருவரான பிப்பா பிடில் 2014-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். உலகின் பல நாடுகளில் அது படிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது. அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி இன்றும் ஓயவில்லை. பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்குத் தொண்டு செய்ய அனுப்புகிறோமே, அதனால் யாருக்கு என்ன நன்மை?

ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இத்தகைய பயணங்கள் பள்ளி வாழ்க்கையின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டன. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய இளையர் பயணத் திட்டம், மாணவர் குழுக்களை அண்டை நாடுகளுக்கு அனுப்பி வந்திருக்கிறது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்படிப் போய் வருகிறார்கள். பயணத்தின் நோக்கமாக மூன்று விஷயங்களைச் சொல்வார்கள்: தொண்டு செய்வது, வேறொரு பண்பாட்டை நேரில் அறிவது, சமூக நீதியைப் புரிந்துகொள்வது. மூன்றும் நல்ல நோக்கங்கள். ஆனால் பயணத் திட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், முதலாவதற்கே பெரும்பகுதி நேரம் போயிருக்கும். சிக்கலும் அங்கேதான்.

இந்தச் சிக்கலை மிகக் கடுமையாகச் சொன்னவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்த பாதிரியார், மெக்சிகோவில் வாழ்ந்து பணியாற்றிய சிந்தனையாளர். 1968 ஏப்ரலில் குவெர்னவாகா நகரில், மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டிருந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் பேச அவரை அழைத்தார்கள். பாராட்டுவார் என்று காத்திருந்தவர்களிடம், ஊரைப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வர வேண்டாம் என்றார். மொழியே தெரியாமல் ஒரு கிராமத்துக்குள் நுழைகிறவர், தான் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைக்கூட அறிய முடியாது என்பது அவர் வாதம். உதவவே கூடாது என்ற அளவுக்குப் போனது மிகை. ஆனால் மொழியைப் பற்றி அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்குக் கம்போடியாவே சான்று.

கம்போடியா என்றதும் நமக்கு அங்கோர்வாட் நினைவுக்கு வரும். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில். அதைப் பார்க்க வரும் கூட்டம் தங்கும் ஊர் சியாம் ரீப். சுற்றுலா வளர வளர, நாட்டில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களும் பெருகின. 2005-லிருந்து ஐந்தே ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடி 269 ஆயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன நாட்டில், பெற்றோரை இழந்த பிள்ளைகள் குறைந்துவரும் காலத்தில், இல்லங்கள் மட்டும் ஏன் கூடின? யுனிசெஃப் ஆராய்ந்து பார்த்தது. அந்தப் பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்.

நடந்தது இதுதான். வெளிநாட்டார் குழந்தைகளைப் பார்க்க விரும்பினார்கள், பார்த்ததும் நன்கொடை தந்தார்கள். பணம் வரும் என்றதும், இல்லம் நடத்துவதே சிலருக்குத் தொழிலாயிற்று. இல்லத்துக்குப் பிள்ளைகள் வேண்டுமே! ஏழைக் கிராமங்களுக்கு ஆள் போனது. மூன்று வேளைச் சாப்பாடு, ஆங்கிலப் படிப்பு என்று சொல்லப்பட்டது. வீட்டில் ஒரு வயிறு குறையும், பிள்ளையும் படித்துவிடும் என்று நம்பி, பெற்றவர்கள் அனுப்பி வைத்தார்கள். இல்லத்துக்கு வந்த பிள்ளைகளில் சிலர் பயணிகள் முன் நடனம் ஆடினார்கள். சிலர் இரவு நேரத்தில் சியாம் ரீப் தெருக்களில் நின்று, தங்கள் இல்லத்தைப் பார்க்க வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்கள்.

இப்படி ஓர் இல்லத்தின் வாசலில் வேன் வந்து நின்றதும் ஐந்து வயதுக் குழந்தை ஓடிவந்து, முன்பின் தெரியாதவர் இடுப்பைக் கட்டிக்கொள்கிறது. வந்த மாணவிக்குக் கண் கலங்கிவிடுகிறது. இந்தக் குழந்தை நம்மிடம் எவ்வளவு அன்பாக இருக்கிறது என்று நினைக்கிறாள். குழந்தை வளர்ப்பு வல்லுநர்கள் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். தாய் மடியில் வளரும் குழந்தை புது ஆளைக் கண்டால் தயங்கும், அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். யாரைக் கண்டாலும் கட்டிக்கொள்ளும் குழந்தை, நிலையாகப் பற்றிக்கொள்ள ஒருவரும் இல்லாத குழந்தை. மாணவி பத்து நாளில் ஊர் திரும்பிவிடுவாள். அடுத்த வேனில் அடுத்த குழு வரும். ஒவ்வொரு குழுவும் ஆங்கில எழுத்துகளை முதலிலிருந்து கற்பிக்கும். ஒவ்வொரு முறையும் ஒருவர் பழகிவிட்டுப் பிரிந்து போவார்.

இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மெல்பர்னில் குழந்தைகளோடு வேலை செய்ய ஒருவர் முன்வந்தால், அவருடைய குற்றப் பின்னணியைச் சோதித்துச் சான்று வழங்கிய பிறகுதான் அனுமதிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பள்ளிக் குழு வந்து வகுப்பறைக்குள் நுழைந்து, அங்குள்ள பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டால் எந்தப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்? நம் பிள்ளைகளுக்குக் கூடாதது கம்போடியப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிக் கூடும்? சமூக நீதியைக் கற்கப் போகிற பயணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்த இல்லங்களின் உண்மையை உள்ளிருந்தே கண்டு திருந்தியவர் டாரா விங்க்ளர் என்ற ஆஸ்திரேலியப் பெண். கம்போடியாவின் பட்டம்பாங் நகரில் ஊழல் மலிந்த ஓர் இல்லத்திலிருந்து 2007-இல் 14 குழந்தைகளை மீட்டு, அவர்களுக்காகத் தாமே ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு கம்போடியர்கள் பேசும் கெமர் மொழியைக் கற்றார். பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேச முடிந்தபோதுதான், பெரும்பாலானவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது என்பது தெரிந்தது. இல்லம் நடத்துவதைக் கைவிட்டார். பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்த்து வைத்து, அந்தக் குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்கும் வேலையில் அவருடைய அமைப்பு இறங்கியது. அங்கேயே தங்கி, மொழி கற்ற பிறகுதான் அவருக்கே உண்மை தெரிந்தது. பத்து நாள் பயணத்தில் வரும் பதினாறு வயது மாணவருக்கு எப்படித் தெரியும்?

நாடுகளும் விழித்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, பணத்துக்காகக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கொண்டுசேர்ப்பதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றது. அப்படி ஏற்ற முதல் நாடு அதுதான். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இதைக் கண்டித்தது. இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் 30 சதவீதத்தினரைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பக் கம்போடிய அரசும் திட்டம் வகுத்தது.

அப்படியானால் பிள்ளைகளை எங்கும் அனுப்பவே கூடாதா? அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். எதற்காக என்பதை மாற்றிக்கொண்டால் போதும்.

2005-இல் டேனியலா பாப்பி என்ற அமெரிக்கப் பெண், கம்போடியாவைச் சைக்கிளில் கடந்து, ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் கட்டப் பணம் திரட்டினார். கட்டடம் எழுந்தது. கட்டடம் இருந்தால் படிப்பு வந்துவிடாது, நல்ல ஆசிரியர் வேண்டும் என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் படித்தவர்களையே தேடித் தேடிக் கொன்ற நாட்டில் ஆசிரியர் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் தொடங்கிய பெப்பி அமைப்பு, தொண்டுப் பயணங்களைக் கற்றல் பயணங்களாக மாற்றிக்கொண்டது. முதலில் கற்றுக்கொள், உதவியெல்லாம் பிறகு என்பது அவர்கள் கண்ட பாடம்.

கற்க அங்கே எவ்வளவோ இருக்கிறது. தலைநகர் புனோம் பென்னில் துவோல் சிலெங் என்ற இடம். முன்பு அது ஓர் உயர்நிலைப் பள்ளி. கெமர் ரூஜ் ஆட்சியில் எஸ்-21 என்ற சித்திரவதைச் சிறை ஆயிற்று. வகுப்பறைகளில் செங்கல் வைத்து அடைத்த சிறு சிறு கொட்டடிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. சில அறைகளில் இரும்புக் கட்டில் மட்டும் கிடக்கிறது. கொல்லப்படுவதற்கு முன் எடுத்த கைதிகளின் படங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிறுவர் முகங்களும் உண்டு. ஒரு வகுப்பறை எப்படிக் கொலைக்கூடம் ஆகிறது என்பதைத் தன் வயதொத்த முகங்களுக்கு முன்னால் நின்று யோசிக்கும் மாணவருக்கு, அநீதி என்றால் என்ன என்று வேறு பாடம் எடுக்க வேண்டாம்.

பட்டம்பாங்கில் ஃபாரே பொன்லூ செல்பாக் என்ற கலைப்பள்ளி இருக்கிறது. தாய்லாந்து எல்லையில் அகதி முகாமில் ஓவியம் கற்ற ஒன்பது இளைஞர்கள், ஊர் திரும்பி 1994-இல் அதைத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஓவியம், இசை, சர்க்கஸ் எல்லாம் அங்கே இலவசம். அங்கே பயின்றவர்கள் 2013 முதல் சியாம் ரீப்பில் சர்க்கஸ் நடத்துகிறார்கள். டிக்கெட் வாங்கி அதைப் பார்ப்பதுகூடப் பெரிய உதவிதான். அந்தப் பணம் கலைஞருக்குச் சம்பளமாகவும் அடுத்த பிள்ளைக்குப் பள்ளியாகவும் ஆகிறது. அங்கே மேடையில் நிற்பவர் தேர்ந்த கலைஞர். அவரைப் பார்த்து யாரும் இரக்கப்படுவதில்லை, கைதட்டுகிறார்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு பயணத்துக்கான ஒப்புதல் படிவத்தை நாளை கொண்டுவந்து நீட்டலாம். பள்ளியைக் கேளுங்கள். அங்கே செய்யப்போகும் வேலையைக் கேட்டவர்கள் அந்த ஊர்க்காரர்களா, பயண நிறுவனமா? அந்த வேலையைச் செய்ய உள்ளூரில் கொத்தனாரும் ஆசிரியரும் இல்லையா? புறப்படும் முன் பிள்ளைகள் அந்த நாட்டு வரலாற்றையும் நாலு வார்த்தை மொழியையும் படிக்கிறார்களா? கடைசியாக, பயணத் திட்டத்தில் குழந்தைகள் இல்லம் எதற்காவது போகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால், அதை நீக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.