நகல் காரும் அசல் அளவும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய ராலி கார்களை நகல் எடுத்துப் பந்தயத்தில் ஓட்டுகிறார்களாமே, அதைப் பற்றிப் பேசுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் எனக்கு அதுதான் வேலை. காரைக் கட்டுவது பாதி வேலை. போட்டியில் ஓட்ட அனுமதி வாங்குவது மீதிப் பாதி.

இரண்டு கார்களைச் சொல்கிறேன். முதலாவது லான்சியா ஸ்ட்ராடோஸ். 1974, 1975, 1976 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலக ராலி பட்டம் வாங்கிய கார். மொத்தமே ஏறத்தாழ 500 தான் தயாரானது. அதனால் இப்போது நகல்கள் நிறைய. அசலில் ஃபெராரி டினோ வி6 என்ஜின். பல நகல்களில் குழாய்ச் சட்டமும் ஆல்ஃபா ரோமியோ வி6 என்ஜினும் இருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இரண்டாவது ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்.எஸ்.1800. 1979-இல் வால்டெகார்டு பெரும்பாலும் இதை ஓட்டித்தான் உலகப் பட்டம் வென்றார்; 1981-இல் வாட்டனன் வென்றதும் இதில்தான். சாதாரண இரண்டு கதவு எஸ்கார்ட் கூட்டை எடுத்து, காஸ்வொர்த் பி.டி.ஏ. என்ஜின், இசட்.எஃப். கியர்பாக்ஸ், அட்லஸ் பின் ஆக்ஸில் எல்லாம் பொருத்தி இதைக் கட்டுகிறோம்.

இந்த இரண்டில் எதற்கு அனுமதி கிடைக்கும்? எஸ்கார்ட்டுக்குக் கிடைக்கும், நான் சொன்ன ஸ்ட்ராடோஸுக்குக் கிடைக்காது. ஏன்?

அந்தக் காலத்தில் ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க, கம்பெனி குறிப்பிட்ட எண்ணிக்கையில் அதைத் தயாரித்து, அதன் அளவுகளை எல்லாம் ஒரு படிவத்தில் கொடுக்க வேண்டும். வீல்பேஸ், வால்வு, பிரேக் என்று ஒன்றுவிடாமல் அதில் இருக்கும். இதுதான் ஹோமோலகேஷன். எஃப்.ஐ.ஏ. அமைப்பின் 'கே' பின்னிணைப்பு இன்றைக்கும் அந்தப் படிவத்தைத்தான் பார்க்கிறது. அசல் பந்தயக் காராக இருக்கலாம். அல்லது சர்வதேசப் போட்டியில் ஓடிய காரின் அளவுகளிலேயே அச்சாகக் கட்டியதாக இருக்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் 'ஹிஸ்டாரிக் டெக்னிகல் பாஸ்போர்ட்' கிடைக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் இன்றைய கணக்கு. 'ஜே' பின்னிணைப்பின்படி புதிய கூண்டின் முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும் உள்ள குழாய் போடலாம். தையல் இல்லாத எஃகாக இருக்க வேண்டும். சீட்டுக்கும் ஆயுள் வரம்பு உண்டு. தேதி முடிந்தால் சீட் பளபளவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் எஸ்கார்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆர்.எஸ்.1800 மாதிரியே அகலமான மட்கார்டு, பெயின்ட் எல்லாம். உள்ளே இருந்தது பின்டோ என்ஜின். "ஆர்.எஸ்.1800 என்றே படிவத்தில் எழுதிவிடுங்கள், யார் என்ஜினைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். முடியாது என்றேன். அவருக்குக் கோபம், எங்களுக்கு வேலை போய்விடும் நிலைமை. பின்டோ என்ஜினோடு வந்த அசல் கார் ஆர்.எஸ்.2000. "அதன் படிவப்படி மாற்றிக் கட்டலாம்" என்றேன். இரண்டு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார். மூக்கை மாற்றினோம், மட்கார்டைக் கழற்றினோம், ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. இப்போது அது உண்மையான பெயரில் ஓடுகிறது.

இன்னொன்று. பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் நகல் அசலாகிவிடாது. அது அளவுக்குச் சான்று, வரலாற்றுக்குச் சான்று அல்ல. "இது வாட்டனன் ஓட்டிய கார்" என்று சொல்லி விற்றால் அது மோசடிதான்.

தம்பி தங்கைகளே, லேபில் விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி ரீடிங் போடும் கலை உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ரெக்கார்டு நோட்டில் அது மார்க் வாங்கித் தரும். வேலைக்குப் போனபின் நீங்கள் எழுதும் அளவை நம்பி ஒருவர் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவார். வெர்னியர் என்ன காட்டுகிறதோ அதையே எழுதுங்கள்.