புத்தூருக்குப் போகும் வழி

சந்திரகிரியில் ஒருவர் புளியமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார் என்று வையுங்கள். எங்கே போவார்? பக்கத்திலேயே திருப்பதி. அங்கே ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது, சுவிம்ஸ் மருத்துவமனை இருக்கிறது, எலும்புச் சிகிச்சைக்குப் பேர்போன தேவஸ்தானத்தின் பர்ட் இருக்கிறது. ஆனால் பலர் திருப்பதியைத் தாண்டி, சென்னைச் சாலையில் இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கிப் புத்தூருக்குப் போவார்கள்!

ஆமாம், நம்மூரிலும் பெயர்ப் பலகை மாட்டியிருக்கும் அதே 'புத்தூர் கட்டு'தான். பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி.

அறியாமை என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கத்தி இல்லை, செலவு குறைவு, அன்றே வீடு திரும்பலாம். மாமனுக்குச் சேர்ந்த எலும்பு நமக்கும் சேரும் என்ற நம்பிக்கை வேறு. ஆஸ்பத்திரியில் படுக்கை இலவசமானாலும் துணைக்கு இருப்பவரின் கூலி போகுமே! 2007இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ என்ற அரசு மருத்துவத் திட்டம் வந்து அறுவைச் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொண்டது. 2019இல், சிகிச்சைக்குப் பின் ஓய்வெடுக்கும் நோயாளிக்கு நாளுக்கு 225 ரூபாய் வரை அறிவித்தார்கள். துணைக்கு வந்தவர் கணக்கில் இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். கட்டுப் போட்டபின் விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். கட்டைத் தளர்த்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை.