குதிரைகள் நடந்த பாதை



பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில், பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சிக்கு வரும்போதெல்லாம் கரும்பலகையில் நான் ஒரு வரி எழுதுவது வழக்கம். ‘தென் பிரான்சில் இரு கடல்களை இணைக்கும் கால்வாயை வெட்டுவித்தான்’ என்பது அவ்வரி. மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். தேர்வில் திருப்பி எழுதுவர். நானும் மதிப்பெண் இடுவேன். முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஓய்வு பெற்றபின், அக்கால்வாயின் கரையோரமாகவே ஆறு நாட்கள் மிதிவண்டியில் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்தப் பயணத்தைப் பற்றியும், அந்த ஒற்றை வரிக்குள் அடங்காமற் போனவர்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் மகள் துலூஸ் நகரில் வாழ்கிறாள். விமானத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரில் மருமகனுக்குப் பணி. மே மாதத்தில் ஒருநாள், “மாமா, உங்களுக்கு மிதிவண்டி விடும் பழக்கம் விட்டுப்போகவில்லையே?” என்று அவர் கேட்டார். பணிக்காலம் முழுவதும் மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்றவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆயினும் அவர் வாடகைக்கு எடுத்து வந்த வண்டியைக் கண்டதும் சற்றே தயங்கினேன். கைப்பிடி பந்தய வண்டியைப்போல் கீழ்நோக்கி வளைந்திருந்தது. டயரோ நாற்பது மில்லிமீட்டர் அகலம். சரளைப் பாதைகளுக்கென்றே செய்யப்படும் வண்டி அது.

அகலமான டயரில் காற்றை இறுக அடைக்க வேண்டியதில்லை. இறுக்கம் குறைந்த டயர், கல்லின்மேல் ஏறித் துள்ளுவதில்லை. கல்லைத் தன்னுள் சற்றே அமிழ்த்திக்கொண்டு உருள்கிறது. ஆகவே, துள்ளலில் வீணாகும் ஆற்றல் மிஞ்சுகிறது, முதுகும் பிழைக்கிறது. பற்சக்கரங்களை மாற்றும் அமைப்பு வேறு இருந்தது. இவ்வமைப்புக்காகப் பிரான்சில் நெடுங்காலம் வாதாடியவர், 1887-இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கிய பால் த விவி என்பவர். வீரர்க்கு இது இழுக்கு என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கினர். புகழ்பெற்ற ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயத்தில் 1937-இல்தான் இதற்கு இடம் கிடைத்தது. மேடு ஏறும்போதெல்லாம் விவியை நான் நன்றியுடன் நினைத்துக்கொண்டேன்.

கால்வாய் துலூஸில் கரோன் ஆற்றை ஒட்டித் தொடங்கி, 240 கிலோமீட்டர் ஓடி, மத்தியதரைக் கடலோரத்துத் தோ உப்பங்கழியில் முடிகிறது. முதல் ஐம்பது கிலோமீட்டர் வரை கரைப்பாதைக்குத் தார் பூசிவிட்டார்கள். அங்கே கூட்டமும் மிகுதி. அதனால் நாங்கள் துலூஸிலிருந்து தொடங்கவில்லை. மகள் எங்களைக் காரில் ஏற்றிச் சென்று, கருமலை என்று பொருள்படும் பெயருடைய மலையின் அடிவாரத்தில், சேன் பெரியோல் ஏரிக்கரையில் இறக்கிவிட்டாள். கால்வாய்க்கு முன் கால்வாயின் நீரைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

இரு கடல்களையும் இணைக்க வேண்டும் என்ற எண்ணம் லூயியின் காலத்துக்கு முன்பே பலருக்கு இருந்தது. இடையூறு ஒன்றே. நடுவில் ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. மேட்டைக் கடக்கும் கால்வாயில் நீர் இருபுறமும் வடிந்துகொண்டே இருக்கும்; உச்சியில் ஓயாது நீர் ஊற்றினாலன்றிப் படகு மிதக்காது. அந்த நீர் எங்கிருந்து வரும்? இதற்கு விடை கண்டவர், பெசியே நகரத்தில் பிறந்த பியேர் போல் ரிக்கே. அவர் பொறியியல் கற்றவர் அல்லர். உப்பு வரி தண்டுபவர். மக்கள் வெறுத்த வரி அது. 1662-இல் அவர் அமைச்சர் கோல்பெருக்கு மடல் எழுதினார். 1666-இல் அரசாணை பிறந்தது. கருமலையின் சிற்றோடைகளை ஒன்றுசேர்த்து, மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, உச்சிக்கு நீர் கொணர்வதே அவருடைய திட்டம்.

அந்த ஓடைகளை அவருக்குக் காட்டியவர் யார்? ரெவேல் என்னும் சிற்றூரில் நீரூற்றுகளையும் குழாய்களையும் பேணிவந்த பியேர் காம்மாஸ் என்பவர். எந்த ஓடை எப்போது வற்றும், எந்தச் சரிவில் நீர் இயல்பாக ஓடும் என்பதெல்லாம் அவர் காலால் நடந்து அறிந்தவை. அவர் பெயரை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

சேன் பெரியோல் அணை 1667-இல் தொடங்கி 1672-இல் முடிந்தது. அறுபது இலட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் கொள்ளும். அந்தப் பெரிய கரைக்கு மண் சுமந்தவர்களுள் பெண்கள் மிகப் பலர். கூடையில் மண் எடுத்து வந்து கொட்டினார்கள். கால்வாய்ப் பணி முழுவதிலும் ஒரு சமயத்தில் ஏறத்தாழ 12,000 பேர் உழைத்தனர். ரிக்கே அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். மழை நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நோயுற்ற நாளிலும் ஊதியம் பிடிக்கவில்லை. அந்நாளில் இது அரிதான செயல். இரக்கத்தால் மட்டும் செய்தார் என்று சொல்லமாட்டேன். அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலுக்குத் திரும்பிவிடாதிருக்க வேண்டுமல்லவா?

ஏரியிலிருந்து உச்சி வரை, வாய்க்காலின் ஓரமாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளும் மண்ணும் சரளையும் கலந்த ஒற்றையடிப் பாதையே இப்பயணத்தின் இனிய பகுதி. வண்டிச் சத்தம் இல்லை. டயருக்கடியில் சிறுகல் நெரியும் ஓசை. எங்கோ ஒரு குயிலினப் பறவையின் குரல். இருபுறமும் பச்சைக் கோதுமை. அரை நாளில் மூன்றே பேர் எதிர்ப்பட்டனர். மூவரும் வணக்கம் சொன்னார்கள். நீர் எங்கள் கூடவே வந்தது, எங்களைவிட மெதுவாக.

உச்சியின் பெயர் நொரூஸ். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 190 மீட்டர். இங்கே வந்து சேரும் மலைநீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கம், மற்றொன்று மத்தியதரைக் கடல் பக்கம். நான் சிறுபிள்ளைபோல் இரண்டு இலைகளைக் கிள்ளி நீரில் இட்டேன். இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டன. மருமகன் சிரித்தார். ரிக்கேயின் சந்ததியார் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று அருகில் ஓங்கி நிற்கிறது. அதன் எதிரில் நிற்கும்போது நான் எண்ணியது காம்மாஸை.

அங்கிருந்து கீழைத்திசை நோக்கிச் சென்றோம். காஸ்தெல்னோதாரி என்ற ஊரில் பெரியதொரு நீர்த்துறை உண்டு. வெள்ளை மொச்சை போன்ற பயற்றைப் பன்றி இறைச்சியும் வாத்தும் சேர்த்து வேகவைக்கும் உணவுக்கு அவ்வூர் பெயர்போனது. புலால் உண்ணாத எனக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

பாதை இனிக் கரடு. இது மிதிவண்டிக்காகப் போட்ட பாதை அன்று; படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகள் நடந்த பாதை. துலூஸிலிருந்து ஆக்து வரை அஞ்சல் படகு நான்கு நாட்களில் சென்றதாம். பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன், 1787-இல் தம் வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப் படகில் ஏற்றி, அதனுள் அமர்ந்து இக்கால்வாயைக் கண்டு சென்றார். 1857-இல் இருப்புப்பாதை வந்ததும் குதிரைகளின் காலம் சாயத் தொடங்கிற்று.

கரைமரங்களின் வேர்கள் பாதையின் குறுக்கே மணிக்கட்டுப் பருமனில் புடைத்திருந்தன. “மாமா, இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம்” என்றார் மருமகன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேர் ஒன்று சக்கரத்தைத் திருப்பிவிட, புல்லில் சாய்ந்தேன்; முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்த வெறுமை தெரிந்தது. அதுவரை தலைக்குமேல் கவிந்திருந்த நிழல் அங்கே இல்லை. வரிசையாக அடிமரக் கட்டைகள். அவற்றிற்கிடையே முட்டுக்கொடுத்த இளங்கன்றுகள்.

இக்கால்வாயின் கரைகளில் ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நின்றன. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்டவை. 2006-இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையோடு அது வந்தது என்று கருதுகின்றனர். மரத்தின் நீர்க்குழல்களை அடைத்து, சில ஆண்டுகளில் கொன்றுவிடும், மருந்து இல்லை. வேர்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் மரத்துக்கு மரம் தாவும். நீரும் படகும் தொலைவுக்குக் கொண்டு செல்லும். ஆகவே ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்தார்கள். இப்போது ஒரே இனத்தை நடுவதில்லை. ஓக் முதலிய பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள், ஒரு நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகாதிருக்க. அந்தக் கன்றுகள் நிழல் தரும்போது பார்க்க நான் இருக்கப் போவதில்லை. நிழலற்ற அந்த வெயிலில் ஒரு மணி நேரம் சென்றோம், ஒருவரும் பேசவில்லை.

கார்க்கசோன் கோட்டையை விரிவாகச் சொல்ல நேரமில்லை. இரட்டை மதில், 52 கோபுரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியோலே ல தூக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தது. கோபுரங்களுக்கு அவர் வேய்ந்த கூரான கற்பலகைக் கூரைகள் தென்னாட்டு மரபல்ல என்று இன்றும் குறை சொல்வோர் உண்டு. எனக்கு வியப்பளித்தது வேறு. செலவில் பங்குதர இந்நகரம் மறுத்ததால் கால்வாய் இதைத் தொடாமல் விலகிச் சென்றது. 1810 வரை நகரத்தார் காத்திருந்து, பின்பு தம் செலவையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டார்கள்.

அதன்பின் ஆர்ழான் என்ற ஊரிலிருந்து 54 கிலோமீட்டர் தூரம் கால்வாயில் மதகே கிடையாது. நிலத்தின் சமஉயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, திராட்சைத் தோட்டங்களிடையே பாம்புபோல் வளைகிறது. இந்த இடத்திலிருந்து ஊர் கூப்பிடு தூரம். கால்வாயோடு சென்றால் ஒரு மணி நேரம். நிலத்தை அளந்தவர்களின் பொறுமையை மிதிக்கும் கால்கள் நன்றாக உணரும்.

ஐந்தாம் நாள் ஆன்சேருன் குன்றை அடைந்தோம். கிறிஸ்துவுக்கு ஐந்தாறு நூற்றாண்டுகள் முன்பே மக்கள் குடியிருந்த குன்று அது. வண்டியைத் தள்ளி உச்சிக்கு ஏறி வடக்கே நோக்கினால், கீழே ஒரு மாபெரும் மிதிவண்டிச் சக்கரம் கிடக்கிறது! வட்டமான வயற்பரப்பு, நடுவில் ஒரு குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்களைப் போன்ற வடிகால்கள். மோந்தாதி என்னும் சதுப்பு ஏரியை 1247-இல் நார்போன் பேராயரின் இசைவு பெற்று வடித்து வயலாக்கினார்கள். வடிந்த நீர், இக்குன்றைக் குடைந்த ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே வெளியேறுகிறது. அதே குன்றைத்தான் 1679-இல் ரிக்கேயின் ஆட்களும் குடைந்தனர். மல்பாஸ் என்னும் அச்சுரங்கம், படகு செல்வதற்கென ஐரோப்பாவில் வெட்டிய முதற்சுரங்கம். பாறை உதிரக்கூடியது, பணி நடவாது என்று அதிகாரிகள் சொன்னார்கள், நடந்தது. பிறகு இருப்புப்பாதையும் இதே குன்றுக்குள் நுழைந்தது. மேலே கால்வாய், அதற்குக் கீழே இரயில், அதற்கும் கீழே இடைக்கால வடிகால். மூன்று நூற்றாண்டுகளின் குடைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக!

இறுதி நாள், பெசியே நகருக்கு வெளியே போன்செரான். இங்கே கால்வாய் திடீரென 21 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். எட்டு மதகுத் தொட்டிகளைப் படிக்கட்டுபோல் அடுக்கியிருக்கிறார்கள். படகு ஒரு தொட்டியில் நுழைந்ததும் பின்கதவை மூடி, முன்கதவின் மடையைத் திறந்து நீரை வடித்து, அடுத்த தொட்டியின் மட்டத்திற்கு இறக்குகிறார்கள். தொட்டிகள் சதுரமாக இல்லை, முட்டை வடிவம். தொடக்கத்தில் நேர்ச்சுவராகக் கட்டிய தொட்டி ஒன்று மண்ணின் அழுத்தத்தால் இடிந்துவிட்டது. வளைந்த சுவர், படுக்கவைத்த வளைவுபோல் அழுத்தத்தைத் தாங்கும் என்று அந்த இடிவு கற்பித்தது.

இந்தப் படிக்கட்டை ஒப்பந்தத்தில் கட்டியவர்கள் மெதாய் என்னும் குடும்பத்துச் சகோதரர் இருவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களிடம் வேலை செய்தவர்களிலும் பெண்களே மிகுதி. சந்திரா முகர்ஜி என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 2009-இல் இக்கால்வாயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிரனீஸ் மலைச்சிற்றூர்களின் பெண்கள் மண் மட்டும் சுமக்கவில்லை. ரோமானியர் காலந்தொட்டு அங்கே வழங்கிவந்த நீர்ப்பாசன அறிவையும் இங்குக் கொண்டுவந்தார்கள் என்பது அவர் காட்டும் முடிபு. கணக்கேடுகளில் அப்பெண்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள், பெயராக இல்லை.

ரிக்கே 1680 அக்டோபரில் பெருங்கடனோடு இறந்தார். 1681 மே மாதத்தில் கால்வாய் திறக்கப்பட்டது. பெசியே நகரின் நடுவீதியில் அவருக்குச் சிலை உண்டு. அதை மாலையில் பார்த்துவிட்டு, வண்டிகளை இரயிலில் ஏற்றினோம். ஆறு நாட்களில் கடந்த தொலைவை அந்த இரயில் இரண்டு மணி நேரத்திற்குள் கடந்தது. மருமகன் உறங்கிவிட்டார். நான் சன்னலோரம் அமர்ந்து, வயல்களுக்கப்பால் அவ்வப்போது தோன்றி மறையும் மரவரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது எந்தெந்த இடங்களில் அறுபட்டிருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரிந்திருந்தது.