எஃப்எஃப்எம்பெக்: ஒரே வரியில் எடிட்டிங், ஒரே எழுத்தில் நான் இழந்தது

"இந்த பாட்காஸ்டை எதுல எடிட் பண்றீங்க?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் கொஞ்சம் ஏமாற்றமா இருக்கலாம். பாதிக்கு மேல் வேலையை டெர்மினலில்தான் செய்கிறேன். கறுப்புத் திரை, ஒரு வரி கமாண்ட், என்டர். அவ்வளவுதான். அந்தக் கருவியின் பெயர் எஃப்எஃப்எம்பெக். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன். அதை வைத்து நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்லப்போறேன்.

2017-ல் ஊருக்குப் போனப்போ, எங்க அப்பாயி பேசுறதை போனில் பதிவு பண்ணினேன். மொத்தம் 14 வீடியோ. கல்யாணமாகி வந்த கதை, புயல் அடிச்ச ராத்திரி, நடவுப் பாட்டு எல்லாம் இருந்தது. போனை நீட்டினா பேச மாட்டாங்க. அதனால் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி, திண்ணையில் கவுத்து வச்சுட்டேன். வீடியோவில் ஓட்டுக் கூரை மட்டும்தான் தெரியும். அடுத்த வருஷம் அப்பாயி இறந்துட்டாங்க.

எனக்கு வேண்டியது குரல் மட்டும். ஒரு எடிட்டிங் ஆப்பில் ஒவ்வொரு ஃபைலா ஏற்றி, எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஃபைலுக்கே கால் மணி நேரம் ஆச்சு. பார்த்துக்கொண்டிருந்த நண்பன் சொன்னான்: "இதுக்கு எதுக்குடா ஆப்பு? ஒரு வரி போதும்."

எஃப்எஃப்எம்பெக்கை 2000-ஆம் ஆண்டு தொடங்கியவர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு புரோகிராமர். பெயரில் இருக்கும் 'எஃப்எஃப்' என்றால் ஃபாஸ்ட் ஃபார்வர்ட். முழுக்க இலவசம். நீங்க அதைத் தொட்டதே இல்லைன்னு நினைக்கலாம். ஆனா விஎல்சி, குரோம், ஓபிஎஸ் எல்லாவற்றுக்குள்ளும் அதன் கோட் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள, ஒரு வீடியோ ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியணும். எம்பி4 என்பது ஒரு டிபன் கேரியர். ஒரு அடுக்கில் படம் இருக்கும், பெரும்பாலும் ஹெச்.264 முறையில். இன்னொரு அடுக்கில் ஒலி, பெரும்பாலும் ஏஏசி. பல எடிட்டிங் ஆப்கள் என்ன செய்யும் தெரியுமா? நீங்க ஒரு அடுக்கைக் கேட்டாலும், உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டி, மறுபடி சமைத்துத் தரும். அதனால்தான் அவ்வளவு நேரம். தரமும் குறையும். ஏஏசி என்பதே காதுக்குப் பெரிதாகத் தெரியாத தகவலைத் தூக்கிப் போட்டுச் சுருக்கும் முறை. அதை இன்னொரு முறை சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி.

நண்பன் அடித்த வரி இது: எஃப்எஃப்எம்பெக், மைனஸ் ஐ, ஃபைல் பெயர். பிறகு மைனஸ் விஎன், அதாவது வீடியோ வேண்டாம். பிறகு மைனஸ் சி, கோலன், ஏ, காப்பி. கடைசியில் புது ஃபைலின் பெயர். இதில் 'காப்பி' என்பதுதான் உயிர். "சமைக்காதே, அந்த அடுக்கை அப்படியே எடுத்து வேறு கேரியரில் வை" என்று அர்த்தம். கால் மணி நேர வேலை ரெண்டு மூணு நொடியில் முடிந்தது. தரத்தில் ஒரு துளி இழப்பு இல்லை.

வெட்டுவதும் இப்படித்தான். மைனஸ் எஸ்எஸ் போட்டுத் தொடங்கும் நேரம், மைனஸ் டிஓ போட்டு முடியும் நேரம். ஆனா வீடியோவை 'காப்பி' முறையில் வெட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. ஹெச்.264 எல்லா ஃப்ரேமையும் முழுசா வைத்திருக்காது. அவ்வப்போது ஒரு முழுப் படம். அதுதான் கீஃப்ரேம். நடுவில் வருவதில் பெரும்பாலும் 'என்ன மாறியது' என்ற குறிப்பு மட்டும்தான். சுத்தமான வெட்டு கீஃப்ரேமில்தான் தொடங்க முடியும். நீங்க சொன்ன இடத்துக்குச் சில நொடி முன்னாடியே தொடங்கினால் பயப்படாதீங்க. துல்லியமா அந்த ஃப்ரேமில்தான் வெட்டணும் என்றால் மறுபடி சமைக்கத்தான் வேணும். ஆடியோவில் இந்தத் தொல்லை இல்லை. ஏஏசி-யின் ஒரு துண்டு 1024 சாம்பிள், அதாவது ஒரு நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு.

இப்போ என் தப்புக்கு வர்றேன். 14 ஃபைலுக்கும் தனித்தனியா அடிக்கச் சோம்பல். ஒரு லூப் எழுதினேன். எஃப்எஃப்எம்பெக் நடுவில் நின்று கேட்டது: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கு, அதன் மேல் எழுதட்டுமா? காலையில் சோதனைக்குப் போட்டதாத்தான் இருக்கும்னு நினைத்து, எரிச்சலில் மைனஸ் ஒய் சேர்த்தேன். அதன் அர்த்தம், 'கேட்காதே, எழுது'. மறுபடி ஓடவிட்டேன். ஒரு எரர் இல்லை. லேப்டாப்பில் இடமில்லாததால், ஒரிஜினல் வீடியோக்களை அழித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

லூப்பில் நான் புது ஃபைலுக்கு ஒரே பெயரைக் கொடுத்திருந்தேன். ரெண்டாவது முதலாவதின் மேல், மூணாவது ரெண்டாவதின் மேல். காலையில் திறந்தால் ஒரே ஒரு ஆடியோதான், கடைசி ஃபைல். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வருஷமாச்சு. எஸ்எஸ்டி-யில் அழித்ததை மீட்கும் மென்பொருள்களை ஓடவிட்டேன், ஒண்ணும் தேறவில்லை. அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரெண்டு சின்னத் துண்டுகள் மட்டும் கிடைத்தன. நடவுப் பாட்டு போயே போச்சு. அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

கருவி மேல் பழி சொல்ல மாட்டேன். எஃப்எஃப்எம்பெக் நீங்க கொடுக்கும் ஃபைலைத் தொடாது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே பெயர் என்றால், வேலையைத் தொடங்கவே மறுக்கும். அது ஒரு கேள்வி கேட்டது. நான்தான் அதை வாய்மூடச் சொன்னேன். டெர்மினல் நாம் சொன்னதைச் செய்யும், நாம் நினைத்ததை அல்ல.

அதனால் மூணு பழக்கம். ஒண்ணு, லூப்பில் மைனஸ் ஒய் வேண்டாம். மைனஸ் என் போடுங்க. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் தொடாமல் விட்டுவிடும். ரெண்டு, முடிந்ததும் எண்ணிப் பாருங்க. 14 போனால் 14 வரணும். கூடவே வரும் எஃப்எஃப்ப்ரோப் ஒவ்வொரு ஃபைலின் நீளத்தையும் காட்டும். பழசும் புதுசும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. மூணு, இன்னொரு இடத்தில் ஒரு பிரதி இருக்கும்வரை ஒரிஜினலை அழிக்காதீங்க. ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கலாம்.

மிஞ்சிய அந்தக் கடைசி ஃபைல் ஆறு நிமிஷம். அதில் கதையே இல்லை. ஃபேன் சத்தம், தட்டு வைக்கிற சத்தம், நடுவில் அப்பாயி: "அந்தக் கருமத்த அங்கிட்டு வச்சிட்டு ஒரு வாய் சாப்புடு சாமி." அது இப்போ மூணு இடத்தில் இருக்கு.

உங்க வீட்டுப் பெரியவங்க குரல் போனில் இருந்தால், இந்த வாரமே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்க. கமாண்டெல்லாம் அப்புறம் பழகிக்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.