பக்கத்து வீட்டாரைத் தேர்ந்தெடுக்கலாமா?

வீட்டுவசதிச் சட்டம் என்றாலே நாம் வாடகையையும் பட்டாவையும்தான் பேசுகிறோம். பக்கத்து வீட்டில் யார் குடிவரலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை மட்டும் ஆராய ஒரு கருத்தரங்கு கூடியிருப்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. தலைமையேற்க அழைத்தவர்களுக்கு நன்றி.

கோஹவுசிங் எனப்படும் கூட்டுக் குடியிருப்பு டென்மார்க்கில் 1970களின் தொடக்கத்தில் உருவானது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1991இல் 26 வீடுகளோடு மியூர் காமன்ஸ் எழுந்தது. குடும்பத்துக்கு ஒரு தனி வீடு, தனிச் சமையலறை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய வீடு. அங்கே முறைவைத்துச் சமைத்து, வாரத்தில் சில நாள் சேர்ந்து சாப்பிடுவார்கள். இப்படி வாழ விரும்புகிறவர்கள், உடன் வாழப்போவது யார் என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்.

ஆனால் அமெரிக்காவில் அதே கேள்விக்குக் கொடிய வரலாறு உண்டு. கறுப்பினத்தாருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பது சட்டவிரோதமாயிற்று. 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறையும் குழந்தைகள் உள்ள குடும்பம் என்ற நிலையும் சேர்ந்தன. மறுப்பது மட்டுமல்ல, விளம்பரத்தில் அப்படியொரு விருப்பத்தைத் தெரிவிப்பதே சட்டமீறல். குழந்தைகள் உள்ள குடும்பங்களை மறுப்பதில் முதியோர் குடியிருப்புக்கு விலக்கு உண்டு. உதாரணமாக, குடியேறிய வீடுகளில் 80 விழுக்காட்டிலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கப் பல கூட்டுக் குடியிருப்புகள் ஒரு வழி கண்டன. யாரையும் நிராகரிப்பதில்லை. வருகிறவர் கூட்டங்களுக்கு வரட்டும், சேர்ந்து சாப்பிடட்டும், வேலையில் பங்கெடுக்கட்டும். இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்று அவரே முடிவுசெய்யட்டும். ஒருவர் யார் என்று பாராமல் என்ன செய்ய முன்வருகிறார் என்று பார்ப்பதால் இது நேர்மையான முறை என்றே பலரும் கருதுகிறார்கள்.

நான் தயங்குவது இங்கேதான். மாதக்கணக்கில் நடக்கும் கூட்டங்களுக்கு இரவுப்பணி பார்க்கும் செவிலியர் எப்படி வருவார்? சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் காது கேளாதவர் எப்படிப் பேசுவார்? வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தி நண்பர்கள் வழியாக மட்டுமே பரவினால், அந்த நண்பர் வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு அது எட்டவே எட்டாது. அவருக்கு மறுப்புக் கடிதம் வராது. எனவே புகாரும் இருக்காது. விதியின் நோக்கத்தை விட்டு அதன் விளைவை வைத்தே பாகுபாட்டை நிறுவலாம் என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். ஆனால் அதற்குப் புள்ளிவிவரம் வேண்டும். இருபது முப்பது வீடுகள், அதுவும் எப்போதாவது ஒன்று கைமாறும் இடத்தில் எந்தப் புள்ளிவிவரத்தைத் திரட்டுவது?

நம் நாட்டில் சிக்கல் இன்னும் வெளிப்படையானது. அகமதாபாத்தின் சொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று துணைவிதி வைத்திருந்தது. 2005இல் நம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. சங்கம் அமைக்கும் உரிமை காக்கப்பட்டது. பாகுபாட்டுக்கு எதிரான அரசமைப்பு விதி கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டாது என்றாயிற்று. எண்ணிக்கையில் குறைந்துவரும் ஒரு சமூகத்தின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் அத்தீர்ப்பு தவறு என்பதே என் உறுதியான கருத்து. அதே வாதத்தை ஆதிக்கச் சாதியினரின் வீட்டுவசதிச் சங்கம் ஒன்று நாளை எடுத்துவந்தால், எந்த வரியைக் காட்டி அதை மறுப்பது?

கட்டுரை வாசிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். துணைவிதிப் புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். கடைசியாகக் கைமாறிய வீட்டைப் பற்றி விசாரியுங்கள்: செய்தி முதலில் யாருக்குப் போனது, பார்க்க வந்தவர் எத்தனை பேர், பாதியில் விலகியவர் ஏன் விலகினார். முதல் அமர்வு உறுப்பினர் சேர்க்கைப் படிவங்களைப் பற்றியது; இந்தக் கேள்விகளை அங்கேயே எழுப்பலாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.