காட்டைப் பத்தி நம்மையும் கேக்கணும்

நம்ம பக்கம் காடுன்னா வெள்ளாமைக் காடு. நான் பேச வந்தது மலைக்காட்டைப் பத்திங்க. தேசிய வனக் கொள்கை பத்திப் பேசப் போறேன்னதும் எங்க வீட்டுக்காரர், "டெல்லிக்கா போறே?"ன்னு சிரிச்சாரு.

சிரிக்கட்டும். விறகு பொறுக்குறது, சீமாத்துப் புல் அறுக்கிறது, கடுக்காய் எடுக்கிறது எல்லாம் யாருங்க? நாமதான். 1988-ல் வந்த தேசிய வனக் கொள்கையிலேயே, பெண்களும் சேர்ந்த பெரிய மக்கள் இயக்கம் வேணும் என்று எழுதியிருக்கிறது. அப்பவே நம்மைக் கூப்பிட்டாச்சு, கடுதாசிதான் வந்து சேரல.

2018-ல் மத்திய அரசு புது வரைவு வெளியிட்டது. மார்ச் 14-ல் வெளியிட்டு, ஏப்ரல் 14-க்குள் மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஒரே மாசம். நம்ம வழக்கமான கிராம சபை அப்போ ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. அதில் ஒண்ணுகூட அந்த மாசத்துக்குள் வரல! எங்க ஊரில் ஒருத்தரும் அதைப் பத்திப் பேசிக் கேட்கல.

சீரழிஞ்ச காட்டில் மரம் வளர்க்கத் தனியாரையும் சேர்ப்பது என்று அந்த வரைவில் இருந்தது. நல்லதா கெட்டதான்னு தீர்ப்புச் சொல்ல நான் வரல. ஆனா காகிதத்தில் சீரழிஞ்ச காடுன்னு இருக்கிறது, நமக்கு ஆடு மேயுற இடம், புல் அறுக்கிற இடம். அங்கே வேலி விழுந்தா அடுத்த கரடு வரைக்கும் நடக்கப் போறது யாருன்னு கேட்டிருக்க வேண்டாமா? அந்த வருஷம் அது கொள்கையா ஆகல. ஆனா மறுபடி ஒரு வரைவு வரலாம்.

2006 வன உரிமைச் சட்டத்தில் பட்டா, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் பேரிலும் வரும். அந்த உரிமை பத்திப் பேசுற கிராம சபையில் ஊரில் பாதிப்பேர் இருக்கணும், வந்தவங்களில் மூணில் ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். 2012-ல் விதியே போட்டிருக்காங்க. ஊருக்கு இருக்கிற விதி நாட்டுக்கு ஏன் இல்லைங்க?

மொழியும் ஒரு தடைதான். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தப்போ, ஒருத்தர் வழக்குப் போட்டார். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாத்திலும் மொழிபெயர்க்கணும்னு டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. தமிழும் அதில் ஒண்ணு.

அடுத்த வரைவு வந்தா, கூட்டமைப்பு தமிழ்ப் படி கேட்டு வாங்கட்டும். ஒரு மாசம்தான் தந்தாலும் நமக்கு நாலு வாரக் கூட்டம் இருக்கு. தவணை வசூல் முடிஞ்சதும் அரை மணி நேரம் வாசிப்போம். சொல்றதைத் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வச்சு அனுப்புவோம். எங்க குழுவில் வாசிக்கிற வேலை என்னுது. யானை இறங்கினா மட்டும் கூட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிக்கலாம்.