படலைச் சாத்திவிட்டுப் போங்கள்



மலைக்குப் போய்த் திரும்பியவர்கள் பொதுவாக இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். ஒன்று, காட்சி எவ்வளவு அழகு என்பது. மற்றொன்று, கால் எவ்வளவு வலித்தது என்பது. ஐம்பதைத் தாண்டிய குருக்களாகிய நாங்கள் நான்கு பேர், சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில் ஒரு நாள் முழுவதும் சைக்கிளில் சுற்றினோம். அழகுக்கும் குறைவில்லை, வலிக்கும் குறைவில்லை. ஆனால் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, அந்தப் பாதையில் திரும்பத் திரும்ப எங்களை நிறுத்திய ஒரு சிறிய பொருளைப் பற்றி: வேலியில் இருக்கும் படல்.

கோடைக்காலத்தில் அங்குள்ள பங்குக்குருக்கள் விடுமுறையில் செல்லும்போது, நம் நாட்டுக் குருக்கள் சில வாரங்கள் அவர்களுடைய இடத்தில் பணிபுரிவது உண்டு. அப்படிச் சென்றிருந்த நாங்கள், ஒரு திங்கட்கிழமை எங்கல்பெர்க் என்ற ஊரில் கூடினோம். வானதூதர் மலை என்பது அந்தப் பெயரின் பொருள். 1120-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவுமடம் இன்றும் அங்கே செபித்துக்கொண்டும் உழைத்துக்கொண்டும் இருக்கிறது. மடத்திற்கு எதிரே தெரியும் டிட்லிஸ் சிகரத்தின் அடியிலிருந்துதான் எங்கள் பாதை தொடங்குகிறது.

இந்தப் பாதையில் நான்கு ஏரிகள். முதலில் ட்ரூப் ஏரி, 1764 மீட்டர் உயரத்தில். அதுவரை கேபிள் காரில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். அங்கிருந்து 2207 மீட்டர் உயரத்திலுள்ள யோக் கணவாய்க்கு ஏற வேண்டும். பிறகு மறுபுறம் இறங்கினால் எங்ஸ்ட்லென் ஏரி, அதைத் தாண்டி டானென் ஏரி, கடைசியில் மெல்க் ஏரி. பேட்டரியின் துணையோடு ஓடும் சைக்கிள்களும் அங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன. எங்களில் இருவர் அதை எடுத்தார்கள், இருவர் எடுக்கவில்லை. கணவாயின் உச்சியை யார் முதலில் எட்டினார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

ஏறும்போதும் இறங்கும்போதும் பாதையின் குறுக்கே வேலிகள் வந்துகொண்டே இருந்தன. சில இடங்களில் மரப்படல். பல இடங்களில் மின்வேலிக் கம்பி. அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் பிடி வைத்த ஒரு கொக்கி. சைக்கிளைவிட்டு இறங்கி, பிடியைப் பற்றிக் கொக்கியைக் கழற்றி, நால்வரும் கடந்து, மறுபடியும் மாட்டிவிட்டு ஏறி மிதிக்க வேண்டும். மூச்சு இரைக்க ஏறி வரும்போது இது எரிச்சலூட்டும் வேலைதான். நல்ல வேகத்தில் இறங்கி வரும்போது அதைவிட எரிச்சல்.

எங்ஸ்ட்லென் மேய்ச்சல் நிலத்தில் பாலும் ரொட்டியும் வாங்கச் சற்று நின்றோம். அங்கே மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி ஒருவர், நாங்கள் புறப்படும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள். திறந்திருந்ததைத் திறந்தபடி விடுங்கள்." ஏன் என்றும் விளக்கினார். ஒரு கொக்கியை மாட்ட மறந்தால் மாடு செங்குத்தான சரிவுக்குப் போய்விடும். மூடுபனியில், இருட்டில், டார்ச் விளக்கோடு அதைத் தேடிப் போகிறவர் சைக்கிளில் வந்தவர் அல்ல. அவர் அதற்குள் வீட்டிற்குப் போய்த் தூங்கியிருப்பார்.

அன்புக்குரியவர்களே, இந்தச் சொற்களைச் சுமந்துகொண்டு மிதித்தபோது அந்தப் புல்வெளி எங்கள் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. அதுவரை இயற்கை தானாக விரித்து வைத்த பச்சைக் கம்பளம் என்றே நினைத்திருப்போம். உண்மை அதுவன்று. பனி கிடக்கும் உச்சிக்கும் காட்டிற்கும் இடையே இருக்கும் அந்த நிலத்தில் பெரும்பகுதி, பல நூற்றாண்டுகளாக மனிதர் மரம் வெட்டி, கல் பொறுக்கி, மாடு மேய்த்து உண்டாக்கியது. மாடு ஏறாமல் விட்டால் சில ஆண்டுகளில் ஆல்டர் என்னும் புதர் மண்டிவிடும். பின்னர் காடு வந்துவிடும். நாங்கள் படம் எடுத்துக்கொண்ட அழகு, யாரோ ஒவ்வொரு கோடையும் விடியற்காலையில் எழுந்து பால் கறப்பதால் நிற்கும் அழகு.

ஆல்ப்ஸ் என்று நாம் மலைகளைச் சொல்கிறோம். அங்குள்ள மக்கள் பேச்சில் ஆல்ப் என்றால் இந்தக் கோடை மேய்ச்சல் நிலம். ஜூன் மாதத்தில் மாடுகள் மேலே ஏறுகின்றன, செப்டம்பரில் இறங்குகின்றன. ஒரு மாடு நூறு நாள் மேய்வதை ஓர் அளவாக வைத்தே மலையின் தாங்கும் திறனைக் கணக்கிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் வேளாண் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட கோடை மேய்ச்சல் நிலம். இந்த வாழ்க்கைமுறையை 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இந்த மேய்ச்சல் நிலங்களில் பல தனியொருவருக்குச் சொந்தமல்ல. ஊர்ப் பொதுவாக இருப்பவை. பொதுச்சொத்து என்றால் முந்திக்கொண்டவர் அள்ளிக்கொள்வார் என்பதுதானே நாம் கண்ட அனுபவம்? அப்படியானால் இந்தப் புல் எப்படி இத்தனை நூற்றாண்டுகள் மிஞ்சியது?

இதற்கு விடை, நாங்கள் சென்ற மலைக்குத் தெற்கே, வலே மாநிலத்திலுள்ள டோர்பெல் என்ற சிற்றூரின் பழைய ஏட்டில் இருக்கிறது. 1483-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் காப்பதற்கு ஒரு சங்கமாகச் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். 1517-இல் அவர்களிடையே ஒரு விதி எழுதப்பட்டது. குளிர்காலம் முழுவதும் தன் சொந்தத் தீவனத்தால் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறியவருக்கு அபராதம். கோடையின் முடிவில், அவரவர் மாடுகளின் கணக்குப்படி பாலாடைக்கட்டி பங்கிடப்படும். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர், பொதுச்சொத்தை மக்கள் தாங்களே காக்க முடியும் என்பதற்கு இவ்வூரை ஓர் எடுத்துக்காட்டாகத் தம் நூலில் வைத்தார். 2009-இல் அவர் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இந்த விதி எல்லாரையும் சமமாக்கிவிடவில்லை. வைக்கோல் நிலம் அதிகம் உள்ளவருக்கு மாடும் அதிகம்தான். ஆனால் ஒன்றைத் தடுத்தது. கோடையில் பொதுப் புல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கடன் வாங்கி மாடு சேர்ப்பதைத் தடுத்தது. கோடையில் எவ்வளவு எடுக்க முடியும் என்று அது கேட்கவில்லை. குளிர்காலத்தில் எவ்வளவைத் தாங்குவாய் என்று கேட்டது.

நேயர்களே, நம் வீடுகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். திருமணத்தன்று பந்தல் எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று பேசுகிறோம். அடுத்த ஐந்தாண்டு வட்டியை யார் கட்டுவது என்று பேசுவதில்லை. பிள்ளைக்கு எத்தனை வகுப்பில் இடம் வாங்கலாம் என்று பார்க்கிறோம். அந்தக் குழந்தை எத்தனையைத் தாங்கும் என்று பார்ப்பதில்லை. பங்கிலும் அப்படித்தான். கல்லறைத் தோட்டத்தில் நம் குடும்பத்திற்கு மட்டும் இரண்டடி அதிகமாக வளைத்துக்கொள்வதும், பொதுக்குழாய்த் தண்ணீரை மோட்டார் வைத்து இழுப்பதும் பெரிய குற்றங்களாக நமக்குத் தோன்றுவதில்லை. பொதுப் புல் தானே! குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. தாங்க முடியாத அளவு பொறுப்புகளை ஏற்றுக்கொண்டு அதை ஆர்வம் என்று அழைப்பது எங்களிடம் அடிக்கடி காணப்படும் நோய்.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோதும் இறைவன் கற்பித்தது இதையே. அன்றன்றைக்குத் தேவையான அளவு எடுத்தவருக்குக் குறைவு வரவில்லை. ஆசைப்பட்டுச் சேர்த்து வைத்ததோ புழுத்துப்போயிற்று.

யோக் கணவாயைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதன் ஒரு பக்கம் கத்தோலிக்க மரபில் வந்த நித்வால்டென் மாநிலம். மறுபக்கம் 1528 முதல் சீர்திருத்தச் சபையைத் தழுவிய பெர்ன் மாநிலம். எங்களுக்குப் படலைப் பற்றிச் சொன்ன பெண்மணி பெர்ன் பக்கத்தில் வேலை செய்பவர். கணவாய்க்கு அந்தப் புறம் சபை வேறு. மாடும் புல்லும் தண்ணீரும் வேறல்ல. படலைச் சாத்தும் ஒழுங்கும் வேறல்ல.

அந்த ஒழுங்கு இப்போது புதிய சோதனையைச் சந்திக்கிறது. டிட்லிஸ் பனிப்பாறை சுருங்கி வருகிறது. 2018-ஆம் ஆண்டின் வறண்ட கோடையில் மேய்ச்சல் மலைகளில் ஊற்றுகள் வற்றி, மாடுகளுக்கு இராணுவ ஹெலிகாப்டர்கள் தண்ணீர் சுமந்து சென்றன. ஏரிகளுக்குப் பெயர்போன நாட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வானத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. அந்த மலைவாசிகள் தங்கள் வேலிக்குள் எல்லா ஒழுங்கையும் கடைப்பிடித்தார்கள். வேலிக்கு வெளியே, உலகம் முழுவதும் எரிக்கும் எரிபொருளுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? வெகுதொலைவில் திறந்து விடப்பட்ட படலின் விலையை அந்த மாடுகள் கொடுக்கின்றன. விமானத்தில் பறந்து சென்று அங்கே சைக்கிள் மிதித்த நாங்களும் அந்தக் கணக்கில் உண்டு.

மாலையில் மெல்க் ஏரியை அடைந்தோம். அன்றிரவு அங்கேயே தங்கல். அது ஒப்வால்டென் மாநிலம். வெயில் மறைந்து குளிர் இறங்கும் நேரத்தில், மேட்டின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. பால் வடிகட்டும் மரப்புனலை வாயருகே வைத்துக்கொண்டு, நான்கு திசையையும் நோக்கி மேய்ப்பர் ஒருவர் நீட்டி ஓதினார். இறைவனையும் அன்னை மரியாவையும் புனிதர்களையும் அழைத்து, மலையிலுள்ள அனைத்தையும் காக்கும்படி வேண்டும் செபம் அது. அந்த மாநிலத்தில் பிறந்து, உழவராகவும் பத்துப் பிள்ளைகளின் தந்தையாகவும் வாழ்ந்து, பின்னர் துறவியான புனித நிக்கோலாஸின் பெயரும் அதில் வருவதுண்டு. 1481-இல் போரின் விளிம்பில் நின்ற மாநிலங்களைத் தம் அறிவுரையால் ஒன்றுசேர்த்தவர் அவர். வேலியை அளவுக்கு மீறி விரிக்க வேண்டாம் என்று அவர் சொன்னதாக அம்மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

குரல் எட்டும் தூரம்வரை அந்தச் செபத்தின் காவலும் எட்டும் என்பது மேய்ப்பர்களின் நம்பிக்கை. இந்தக் காவலுக்கு மட்டும் படல் கிடையாது. தன் மாடு, அண்டை வீட்டார் மாடு, வழிப்போக்கர் என்று அது பிரிப்பதில்லை. பெயர் தெரியாத நான்கு அயல்நாட்டாரும் அன்றிரவு அதற்குள் அடங்கினோம்.

ஆகவே அன்பானவர்களே, எடுப்பதற்கு அளவு வைப்போம். வேண்டுவதற்கு அளவு வைக்க வேண்டாம். இந்த வாரம் நாம் கடந்துபோகும் ஏதேனும் ஒரு படலை, அது தண்ணீர்க் குழாயாக இருக்கலாம், பொது மண்டபத்தின் விளக்காக இருக்கலாம், பிறரைப் பற்றிப் பேசத் திறந்த நம் வாயாகவும் இருக்கலாம், நமக்குப் பின்னால் வருபவரை நினைத்துச் சாத்திவிட்டுப் போவோம். இரவில் படுக்கும் முன், நம் குரல் எட்டும் தூரத்தில் வாழும் அனைவரையும், நமக்குப் பிடிக்காத அண்டை வீட்டாரையும் சேர்த்தே, இறைவனின் கையில் ஒப்படைப்போம்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.